மசாலா டிஸ்பென்சருக்கு பேட்டண்ட் கேட்டா எக்ஸாமினேஷன்ல என்ன நடக்கும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

உப்பு, மிளகாத்தூள், மல்லித்தூள், சாஸ், எண்ணெய் இதையெல்லாம் அளவா கொட்டுற மாதிரி ஒரு கருவி பண்ணிட்டு "சார் இதுக்கு பேட்டண்ட் கிடைக்குமா"ன்னு கேக்குறவங்க நிறைய. நான் ஒரு பேட்டண்ட் ஏஜெண்ட் ஆபீஸ்ல ட்ராஃப்டிங் பாக்குற ஆளு, சமையல்கட்டு சாமான் ஃபைல் வந்தா பெரும்பாலும் என் டேபிளுக்குத்தான் வரும், அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு இது. எல்லாமே இந்தியாவுல ஃபைல் பண்றதப் பத்தித்தான்.

புரியுறதுக்காக ஒரு கற்பனைக் கருவி வச்சுக்குவோம். அஞ்சறைப்பெட்டிக்குப் பதிலா ஒரு டப்பா. அடியில சின்னச் சின்ன குழி வச்ச ஒரு வட்டத்தட்டு, திருகைத் திருப்பினா ஒரு குழித் தூள், அதாவது அரை டீஸ்பூன், கீழ விழும். அடுப்புக்கு மேல பிடிச்சு கொட்டும்போது ஆவி உள்ள ஏறி தூள் கட்டி தட்டிடக் கூடாதுன்னு வாய்ப்பக்கம் ஒரு மூடித்தகடு இருக்கு. அந்தத் தகடும் வட்டத்தட்டும் ஒரே தண்டுல இருக்கு. கீழ இப்படி ஒரு கருவியத்தான் "நம்ம டப்பா"ன்னு சொல்லுவேன்.

கே: பேட்டண்ட் ஆபீஸ்ல கருவிய கொண்டு போய் காமிக்கணுமா? ஓட்டிப் பாப்பாங்களா?

பாக்க மாட்டாங்க. கன்ட்ரோலர், அதாவது பேட்டண்ட் ஆபீஸ்ல முடிவெடுக்குற அதிகாரி, கேட்டா மாடலோ சாம்பிளோ கொடுக்கணும்னு சட்டத்துல 10ஆவது பிரிவுல இடம் இருக்கு, ஆனா ஒரு மசாலா டப்பாவுக்கு அப்படி கேக்குறது அபூர்வம். எக்ஸாமினர் கையில இருக்குறது பேப்பர் மட்டும்தான். அதுலயும் அவர் முதல்ல போய் நிக்குற இடம் க்ளெய்ம், அதாவது கடைசிப் பக்கங்கள்ல "எங்களுக்கு உரிமை வேணும்னு கேக்குறது இது"ன்னு நம்பர் போட்டு எழுதுற வாக்கியங்கள். உங்க கருவி எவ்வளவு அருமையா வேலை செய்யுது, பக்கத்து வீட்டு அக்கா எவ்வளவு பாராட்டினாங்க, அமேசான்ல எவ்வளவு விக்கும், இதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத கதை. க்ளெய்ம்ல எழுதினது ஏற்கனவே உலகத்துல எங்கயாவது இருக்கா, இல்லன்னா இருக்குறதுலேர்ந்து அந்தத் துறை தெரிஞ்ச ஒருத்தருக்கு சுலபமா தோணிடுமா, இதுதான் அவர் பாக்குறது. நல்ல கருவிக்கு மோசமா க்ளெய்ம் எழுதினா கிடைக்காது, சுமாரான கருவிக்கு நல்லா எழுதினா கிடைக்கவும் செய்யும், கசப்பா இருந்தாலும் அதுதான் நடைமுறை.

கே: எங்க கொடுக்கணும்? தமிழ்ல எழுதிக் கொடுக்கலாமா?

தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, லட்சத்தீவு எல்லாத்துக்கும் சென்னை ஆபீஸ்தான், கிண்டியில ஜிஎஸ்டி ரோட்டுல இருக்கு. மத்த மூணு ஆபீஸ் கொல்கத்தா, டெல்லி, மும்பை. நேர்ல போக வேண்டிய அவசியமே இல்ல, ஆன்லைன்ல ஃபைல் பண்ணிடலாம். தமிழ்ல கொடுக்க முடியாது, இங்கிலீஷ் இல்லன்னா இந்தி, இந்த ரெண்டுதான் விதியில இருக்கு. லேத் பட்டறையில இருபது வருஷமா வேலை பாத்தவர் தன் கருவியத் தன் பாஷையில விளக்குற தெளிவு வேற எதுலயும் வராது, அதனால நான் எப்பவும் சொல்றது, முதல்ல தமிழ்ல முழுசா எழுதுங்க இல்லன்னா வாய்ஸ் நோட்டா பேசுங்க, அப்புறம் இங்கிலீஷுக்கு மாத்துறத பாத்துக்கலாம்.

கே: வரிசையா என்னென்ன நடக்கும்?

சுருக்கமா சொல்றேன். ஐடியா ஓரளவு உருவாயிட்டா ப்ரொவிஷனல், அதாவது முதல்கட்ட விண்ணப்பம், போடலாம், அதுக்கு க்ளெய்ம் தேவையில்ல, ஆனா அதுலேர்ந்து 12 மாசத்துக்குள்ள கம்ப்ளீட் ஸ்பெசிஃபிகேஷன், அதாவது க்ளெய்மோட சேத்து கருவிய முழுசா விளக்குற ஆவணம், போட்டே ஆகணும். ஃபைல் பண்ணி 18 மாசம் ஆனதும் பேட்டண்ட் ஆபீஸ் ஜர்னல்ல பப்ளிஷ் ஆகும், அவசரம்னா ஃபார்ம் 9 கொடுத்து முன்னாடியே பப்ளிஷ் பண்ண வைக்கலாம். எக்ஸாமினேஷன் தானா ஆரம்பிக்காது, ஃபார்ம் 18 கொடுத்து நாம கேக்கணும், இத நிறைய பேர் மறந்துடுறாங்க. முன்னாடி இதுக்கு 48 மாசம் டைம் இருந்துச்சு, 2024 மார்ச்ல விதிய மாத்தி 31 மாசம் ஆக்கிட்டாங்க, பழைய கட்டுரை படிச்சிட்டு நாலு வருஷம் இருக்குன்னு உக்காந்திருந்தா அப்ளிகேஷன் போயிடும். அப்புறம் எக்ஸாமினர் தேடிப் பாத்து ரிப்போர்ட் எழுதுவார், அதுக்குப் பேரு எஃப்ஈஆர், முதல் எக்ஸாமினேஷன் ரிப்போர்ட். அது வந்த நாள்லேர்ந்து 6 மாசத்துக்குள்ள பதில் கொடுக்கணும், முடியலன்னா ஃபார்ம் 4ல காசு கட்டி இன்னொரு 3 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். பதில் திருப்தின்னா கிராண்ட், அதாவது பேட்டண்ட் கிடைச்சுடும், இல்லன்னா ஹியரிங்.

கே: எஃப்ஈஆர்ல என்ன எழுதியிருப்பாங்க? பாத்தாலே பயமா இருக்கே.

பயப்படாதீங்க. ஆட்சேபணையே இல்லாத எஃப்ஈஆர் வந்தாத்தான் ஆச்சரியம். முதல்ல ஒரு சுருக்க டேபிள், எந்தப் பிரிவுல பிரச்சனை, எந்த க்ளெய்ம்லன்னு. அடுத்து விவரமான டெக்னிக்கல் ரிப்போர்ட், இதுதான் உயிர்நாடி. அதுக்கப்புறம் ஃபார்மாலிட்டி குறைகள், ட்ராயிங்ல எழுத்து இருக்கு, அப்ஸ்ட்ராக்ட்ங்கிற சுருக்கம் 150 வார்த்தைக்கு மேல போயிடுச்சு, க்ளெய்ம்ல உறுப்புகளுக்கு நம்பர் அடைப்புக்குறிக்குள்ள போடல, கையெழுத்து போட்ட ஃபார்ம் காணோம், இந்த மாதிரி. இதுங்கள ஒரே நாள்ல சரி பண்ணிடலாம்.

டெக்னிக்கல் பகுதியில டி1, டி2, டி3ன்னு பழைய பேட்டண்டுகள வரிசையா போட்டிருப்பாங்க. நம்ம டப்பாவுக்கு எப்படி வரும்னு ஒரு மாதிரி சொல்றேன். டி1 ஒரு சர்க்கரை டிஸ்பென்சர், குழி வச்ச தட்டு சுத்தினா அளவா விழும். டி2 ஒரு மசாலா பாட்டில், வாயில ஸ்லைடிங் மூடி. எக்ஸாமினர் எழுதுறது இப்படி இருக்கும்: க்ளெய்ம் 1ல இருக்குற பாத்திரம், குழித்தட்டு, திருகு எல்லாம் டி1ல இருக்கு, மூடித்தகடு மட்டும் இல்ல, அது டி2ல இருக்கு, ரெண்டையும் சேக்குறது இந்தத் துறை ஆளுக்குச் சுலபமாத் தோணக்கூடியது, அதனால 2(1)(ஜேஏ) பிரிவுப்படி இன்வென்டிவ் ஸ்டெப் இல்ல. கூடவே 3(எஃப்).

இதப் படிச்சதும் "என் கருவி டி1 மாதிரியா? அது சர்க்கரைக்கு, என்னுது மிளகாத்தூளுக்கு"ன்னு கோவப்பட்டு பதில் எழுதுறவங்க இருக்காங்க. அந்த பதில் நிக்காது. உள்ள போடுற பொருள் மாறினா கருவி மாறினதா ஆகாது, தெரிஞ்ச கருவிக்குப் புது உபயோகம் சொல்றது மட்டும் போதாதுன்னு 3(டி)யே சொல்லுது. மிளகாத்தூளோட எண்ணெய்ப் பசையால குழியில ஒட்டிக்குது, அதனால குழியோட வடிவத்த நான் இப்படி மாத்தினேன்னு இருந்தா அது வேற விஷயம், அது கருவியில நடந்த மாற்றம்.

கே: 3(எஃப்)னு போட்டிருக்காங்க. அது என்ன?

சமையல்கட்டு சாமானுக்கு இந்த ஆட்சேபணை வராம இருந்தா அதிர்ஷ்டம். ஏற்கனவே தெரிஞ்ச கருவிகள, ஒவ்வொண்ணும் தனித்தனியா அதது தெரிஞ்ச வேலையவே செய்யுற மாதிரி, சும்மா பக்கத்துல பக்கத்துல சேத்து வச்சா அது இன்வென்ஷன் இல்லன்னு சொல்ற பிரிவு. பேட்டண்ட் ஆபீஸ் கையேட்டுல இதுக்கு உதாரணமா வந்தது ஃபேன் வச்ச குடை, டார்ச் வச்ச பக்கெட். குடை குடை வேலையப் பாக்குது, ஃபேன் ஃபேன் வேலையப் பாக்குது, ஒண்ணால இன்னொண்ணுக்கு ஆகுறது ஒண்ணுமில்ல.

உப்பு டப்பாவும் மிளகு மில்லும் எண்ணெய் ஸ்ப்ரேயும் ஒரே ஸ்டாண்டுல சுத்துற மாதிரி பண்ணிட்டு பேட்டண்ட் கேட்டா நேரா இதுல போய் விழும். வாங்குறவங்களுக்கு வசதிதான், நானே வாங்குவேன், ஆனா சட்டம் வசதிய கேக்கல, உறுப்புகளுக்கு நடுவுல உறவு இருக்கான்னு கேக்குது.

நம்ம டப்பாவுக்கு வழி இருக்கு. தட்டும் மூடித்தகடும் ஒரே தண்டுல, ஆனா ஒரு கோண வித்தியாசத்துல மாட்டியிருக்கு. திருகைத் திருப்பும்போது குழி தூள் இருக்குற பக்கம் திறக்குற நேரத்துல வாய்ப்பக்கம் மூடியிருக்கும், குழி வாய்க்கு வர்ற நேரத்துல தூள் பக்கம் அடைஞ்சிருக்கும். எந்த நேரத்துலயும் ஆவிக்கும் டப்பாவுக்குள்ள இருக்குற தூளுக்கும் நடுவுல நேர் வழியே கிடையாது. டி1ல அளக்குற தட்டு மட்டும், டி2ல மூடி மட்டும், ரெண்டையும் மேசையில வச்சு ஒட்டினா இந்த நேர ஒழுங்கு வராது. அளக்குற அசைவே அடைக்கவும் செய்யுது, இதத்தான் பதில்ல முதல் பாராவுல எழுதணும்.

கே: சரி, அத பதில்ல எழுதிட்டா போச்சு. இல்லையா?

இங்கதான் பாதிப் பேர் மாட்டிக்குறாங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க. இந்தக் கோண வித்தியாசம் நீங்க முதல்ல ஃபைல் பண்ண ஸ்பெசிஃபிகேஷன்லயே இருந்திருக்கணும். 59ஆவது பிரிவு ரொம்ப கறார். திருத்தம்ங்கிற பேர்ல புது விஷயம் உள்ள கொண்டு வர முடியாது, அது மட்டும் இல்ல, திருத்தின க்ளெய்ம் பழைய க்ளெய்மோட எல்லைக்குள்ள முழுசா அடங்கணும். சுருக்கலாம், விரிக்க முடியாது. முதல்ல "மூடி உள்ள ஒரு டிஸ்பென்சர்"னு மட்டும் எழுதிட்டு, ட்ராயிங்லயும் ஒண்ணும் காமிக்காம, எஃப்ஈஆர் வந்தப்புறம் "ஆமா சார், அந்த மூடியும் தட்டும் ஒரே தண்டுல, கோணத்துல"ன்னு சொன்னா, சொல்றது உண்மையாவே இருந்தாலும், நேரம் போயிடுச்சு.

அதனால ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே கருவியக் கழட்டி மேசையில பரப்பி வச்சு ஒவ்வொரு உறுப்பும் ஏன் அப்படி இருக்குன்னு எழுதுங்க. குழி ஏன் இந்த ஆழம், சுவர் ஏன் சாய்வா இருக்கு, உள்ள ஒரு கம்பி ஏன் தூளக் கிளறுது, தண்டு ப்ளாஸ்டிக்கா ஸ்டீலா, கம்பி இல்லாமலும் பண்ணலாமா, தட்டுக்குப் பதிலா உருளை வச்சாலும் வேலை செய்யுமா. செஞ்சு பாத்தது, செய்யாம விட்டது, மாத்தி செய்யக்கூடியது எல்லாம். முடிஞ்சா சோதனையும்: அடுப்புல தண்ணி கொதிக்கிற பாத்திரத்துக்கு மேல பிடிச்சு சாதா டப்பாவையும் உங்க டப்பாவையும் மாத்தி மாத்தி கொட்டி, ஒவ்வொரு தடவையும் விழுந்த எடையக் குறிச்சு ஒரு டேபிள். வீட்டுத் தராசுல போட்ட எடையா இருந்தாலும் பரவால்ல, "என்னுது நல்லா இருக்கும்"ங்கிற வாக்கியத்த விட அந்த டேபிள் ஆயிரம் மடங்கு பேசும். சட்டத்துல இன்வென்டிவ் ஸ்டெப்புக்கு டெக்னிக்கல் முன்னேற்றம் இல்லன்னா பொருளாதார முக்கியத்துவம் இல்லன்னா ரெண்டும்னு இருக்கு, ஆனா அதோட சுலபமா தோணக் கூடாதுங்கிறதும் சேந்தே இருக்கு, அதனால "மசாலா வீணாகுறது குறையுது"ன்னு மட்டும் எழுதினா பத்தாது, எப்படிக் குறையுதுங்கிற மெக்கானிசம் வேணும்.

அப்படியே க்ளெய்மையும் படி படியா எழுதுங்க. 1ஆவது க்ளெய்ம் அகலமா, 2ஆவது "க்ளெய்ம் 1ல சொன்ன கருவி, அதுல தட்டும் தகடும் ஒரே தண்டுல", 3ஆவது "அதுல கோண வித்தியாசம் இவ்வளவு", இப்படி. 1 விழுந்தா 2, 2 விழுந்தா 3ன்னு பின்வாங்கி நிக்க இடம் இருக்கும். 10 க்ளெய்ம் வரைக்கும் எக்ஸ்ட்ரா ஃபீஸ் இல்ல, அந்தப் பத்தையும் உபயோகப்படுத்தாம மூணோட நிறுத்துறவங்கள பாத்தா எனக்கு மனசே கேக்காது.

கே: "சுலபமா தோணக்கூடியது"ன்னு எப்படி முடிவு பண்றாங்க? அது அவங்க இஷ்டம்தானே?

கொஞ்சம் இஷ்டம் கலந்ததுதான், மறைக்க வேணாம். ஆனா அதுக்கும் பழைய தீர்ப்புகள் இருக்கு. இந்தியாவுல எல்லாரும் முதல்ல காட்டுற தீர்ப்பே பாத்திரக் கேஸ்தான். உத்தரப்பிரதேசம் மிர்சாபூர்ல பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரம் பண்ற ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ்னு ஒரு கம்பெனி, லேத்துல பாத்திரத்தக் கடையும்போது அது ஆடாம பிடிச்சுக்குற ஒரு முறைக்கு 1951ல பேட்டண்ட் போட்டாங்க. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம்னு இன்னொரு பாத்திரக் கம்பெனி மேல கேஸ். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1978 டிசம்பர்ல தீர்ப்பு வந்துச்சு, பேட்டண்ட் செல்லாதுன்னு. ஏற்கனவே இருந்த லேத் அமைப்புல பட்டறையில வேலை பாக்குற கைதேர்ந்த ஆளு யாரா இருந்தாலும் பண்ணக்கூடிய ஒரு சின்ன முன்னேற்றம்தான் அது, அதுக்கு மேல ஒண்ணு இருந்தாத்தான் இன்வென்ஷன்னு சொன்னாங்க. இன்னைக்கும் டிஸ்பென்சர், கரண்டி, குக்கர் மூடின்னு எது வந்தாலும் இந்தப் "பட்டறை முன்னேற்றம்"ங்கிற வாதம் வரும்.

இதுக்கு எதிரா நிக்கணும்னா டி1, டி2 ரெண்டையும் சேக்கணும்னு ஏன் ஒருத்தருக்குத் தோணியிருக்காதுன்னு காமிக்கணும். டி1 மேசையில வச்சு டீக்கு சர்க்கரை போடுற கருவின்னா அதுல ஆவிங்கிற பிரச்சனையே இல்ல, அதனால அதுக்கு மூடி போடணும்னு நினைக்க ஒரு காரணமும் இல்ல. டி2ல மூடியக் கையால தனியாத் தள்ளணும், அது அளவோட சம்பந்தப்படல. இந்த மாதிரி டாக்குமெண்டுக்குள்ள போய் படிச்சு சொல்லணும். டி1ஓட ட்ராயிங்க மட்டும் பாத்துட்டு பதில் எழுதினா எக்ஸாமினர் 14ஆவது பாராவ எடுத்து காமிச்சிடுவார்.

கே: பதில் எழுதும்போது என்ன வேணா விட்டுக்கொடுக்கலாமா? கிராண்ட் ஆனா போதும்னு இருக்கு.

வேணாம். அவசரப்பட்டு சுருக்கினது பின்னாடி உங்க கழுத்துக்கே வரும். அமெரிக்காவுல பூச்சிமருந்து பாட்டில் மேல மாட்டுற ப்ளாஸ்டிக் ஸ்ப்ரேயர் கேஸ் ஒண்ணு, கால்மர் எதிர் குக் கெமிக்கல், 1966ல அவங்க சுப்ரீம் கோர்ட்ல முடிஞ்சது. எக்ஸாமினேஷன்ல க்ளெய்ம் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டதால கண்டுபிடிச்சவர் ஸ்ப்ரேயர் மூடிக்குள்ள இருக்குற ஒரு சீல் அமைப்புக்குன்னு சுருக்கி வாங்கினார். கோர்ட்ல அத விட அகலமா உரிமை கேட்டப்ப, நீங்கதான் சுருக்கி வாங்கினீங்க, இப்ப திரும்ப விரிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க, மிச்சம் இருந்த சின்ன வித்தியாசமும் சுலபமாத் தோணக்கூடியதுன்னு பேட்டண்டே போச்சு. நம்ம ஊர்லயும் எஃப்ஈஆர் பதில் ஆன்லைன்ல எல்லாரும் படிக்குற மாதிரி கிடக்கும், நாளைக்குப் போட்டிக் கம்பெனியோட வக்கீல் முதல்ல எடுக்குறது அதத்தான்.

கே: ஃபைல் பண்றதுக்கு முன்னாடி நானே தேட முடியுமா?

தாராளமா. காசு செலவில்லாத விஷயம், ஆனா யாரும் பண்றதில்ல. கூகுள் பேட்டண்ட்ஸ், எஸ்பாஸ்நெட், இந்திய ஆபீசோட இன்பாஸ், உலக அமைப்போட பேட்டண்ட்ஸ்கோப் எல்லாமே இலவசம். வார்த்தையால மட்டும் தேடினா ஏமாந்துடுவீங்க, ஏன்னா ஒருத்தர் "ஸ்பைஸ் டிஸ்பென்சர்"னு எழுதியிருப்பார், இன்னொருத்தர் "துகள் பொருளை அளந்து வெளியேற்றும் சாதனம்"னு எழுதியிருப்பார். பேட்டண்டுகளத் துறைவாரியாப் பிரிக்குற வகை எண்ண வச்சு தேடுங்க. டிஸ்பென்சர் வச்ச சமையலறைக் கொள்கலன்னா ஏ47ஜே 47/01, உப்பு மிளகு ஷேக்கர் ஏ47ஜி 19/24, மில் வகையெல்லாம் ஏ47ஜே 42, தூள் கொட்டுற பேக்கேஜ் பி65டி 83/06, ஒரே அளவா திரும்பத் திரும்ப அளந்து விடுற கருவின்னா ஜி01எஃப் 11. கடைசியா சொன்னதுல சிமெண்டு, உரம், மருந்துத்தூள் மெஷின்லாம் கூட வரும், எக்ஸாமினர் அங்கேர்ந்தும் டி1 எடுப்பார், "அது சமையல் கருவியே இல்லையே"ன்னு புலம்பி பிரயோஜனம் குறைவு.

ப்ரையர் ஆர்ட்னா ஏற்கனவே பொதுவுல இருக்குறது, அதுல பேட்டண்ட் மட்டும் வராது. யூடியூப் வீடியோ, அலிபாபா லிஸ்டிங், பழைய கேட்டலாக், எது தேதியோட பொதுவுல இருந்தாலும் கணக்குல வரும்.

கே: நான் ஏற்கனவே இன்ஸ்டாகிராம்ல ரீல் போட்டுட்டேன். வித்துட்டும் இருக்கேன். இப்ப போடலாமா?

கருவி உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு அந்த ரீல்ல தெரியுதுன்னா ரொம்பச் சிக்கல். அமெரிக்காவுல ஒரு வருஷம் டைம் உண்டுன்னு கேள்விப்பட்டு வருவாங்க, இங்க அந்த மாதிரி பொதுவான சலுகை கிடையாது. 31ஆவது பிரிவுல 12 மாச சலுகை இருக்கு, ஆனா அது மத்திய அரசு கெஜட்ல அறிவிச்ச கண்காட்சி, அறிஞர் சங்கத்துல படிச்ச கட்டுரை இந்த மாதிரி குறிப்பிட்ட சமாச்சாரங்களுக்கு மட்டும்தான். நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டர்ல ஸ்டால் போட்டேன்னு சொன்னா மட்டும் போதாது, அந்தக் கண்காட்சிக்கு அறிவிப்பு இருந்துச்சான்னு பாக்கணும். சோதனைக்காகப் பொதுவுல உபயோகிச்சதுக்கு 32ஆவது பிரிவு இருக்கு, ஆனா ரோட்டுல ஓட்டிப் பாக்க வேண்டிய மெஷினுக்கு சொல்ற நியாயம் வீட்டுக்குள்ளயே சோதிக்கக்கூடிய மசாலா டப்பாவுக்கு எடுபடுறது கஷ்டம். முதல் மாடலக் காட்டிட்டீங்க, ஆனா அதுக்கப்புறம் வேற ஒரு முன்னேற்றம் பண்ணி அது இன்னும் வெளிய வரலன்னா, அந்த முன்னேற்றத்துக்கு மட்டும் போடலாம்.

கே: எவ்வளவு செலவு?

தனி ஆளு, ஸ்டார்ட்அப், சின்ன நிறுவனம், கல்வி நிறுவனம் இவங்களுக்கு ஆன்லைன்ல ஃபைல் பண்ண அரசாங்க ஃபீஸ் 1600 ரூபாய். எக்ஸாமினேஷனுக்கு 4000. சீக்கிரம் பப்ளிஷ் பண்ண 2500. 10 க்ளெய்முக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் 320, 30 பக்கத்துக்கு மேல ஒவ்வொரு பக்கத்துக்கும் 160. பெரிய கம்பெனின்னா எல்லாம் அஞ்சு மடங்கு. ஏஜெண்ட் ஃபீஸ் தனி, அது ஆளுக்கு ஆள் மாறும், அரசாங்க ஃபீஸ விட பல மடங்கு இருக்கும், அதுல ட்ராஃப்டிங் எவ்வளவு, எஃப்ஈஆர் பதில் எவ்வளவு, ஹியரிங் எவ்வளவுன்னு பிரிச்சு எழுதி வாங்குங்க. மொத்தமா குறைச்சலா சொல்லிட்டு எஃப்ஈஆர் வந்ததும் கைய விரிக்குற இடங்களும் இருக்கு. ஏஜெண்ட் இல்லாம நீங்களே போடவும் சட்டம் தடுக்கல.

கே: சீக்கிரம் முடிக்க வழி இருக்கா?

இருக்கு, ஃபார்ம் 18ஏ. தனி ஆளுக்கு 8000 ரூபாய். யார் வேணா கேக்க முடியாது, ஸ்டார்ட்அப், சின்ன நிறுவனம், அப்புறம் விண்ணப்பதாரர்கள்ல ஒருத்தராவது பெண்ணா இருந்தா கேக்கலாம், சின்ன நிறுவனத்துக்கும் பெண்களுக்கும் இது 2019ல வந்த விதி. சமையல்கட்டு கருவிங்கள்ல நிஜமாவே பெண்கள் கண்டுபிடிச்சது நிறைய, ஆனா வீட்டுக்காரர் பேர்ல மட்டும் ஃபைல் பண்ணிக் கொண்டு வருவாங்க. கண்டுபிடிச்சவங்க பேரு இருக்கணும்ங்கிறது சலுகைக்காக இல்ல, ஃபார்ம் 1லயும் ஃபார்ம் 5லயும் உண்மையச் சொல்றதுக்காக.

கே: டப்பாவோட ஷேப்புதான் ஸ்பெஷல். உள்ள ஒண்ணும் புதுசில்ல.

அப்ப பேட்டண்ட விட்டுட்டு டிசைன் ரெஜிஸ்ட்ரேஷன் போங்க. 2000ஆம் வருஷச் சட்டம், தனி ஆளுக்கு 1000 ரூபாய் ஃபீஸ், 10 வருஷம், அப்புறம் 5 வருஷம் நீட்டிக்கலாம். கண்ணுக்குத் தெரியுற வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு, வேலை செய்யுற விதத்துக்கு இல்ல. கிக்கோமன் சோயா சாஸ் பாட்டில் பாத்திருப்பீங்க, சிவப்பு மூடி, கண்ணீர்த்துளி மாதிரி உடம்பு, 1961ல கென்ஜி எகுவான் வடிவமைச்சது. அந்த வடிவத்தோட மதிப்பு எத்தனை வருஷமானாலும் குறையல. சிலருக்கு ரெண்டுமே தேவைப்படும், ரெண்டும் போடலாம், ஆனா எதையும் வெளிய காட்டுறதுக்கு முன்னாடி போடணும்.

கே: கருவியோட சேத்து எங்க பாட்டி மசாலா அளவுக்கும் பேட்டண்ட் வேணும்.

அது வேலைக்கு ஆகாது. வெறும் கலவைன்னா 3(இ), பாரம்பரிய அறிவுன்னா 3(பி), இங்கிலீஷ்ல p. பாட்டி ரெசிபிய ரகசியமா வச்சுக்குறதுதான் நல்லது, கருவிய மட்டும் தனியா போடுங்க.

கே: எங்க டிஸ்பென்சர் ஆப்ல ஓடும். சாம்பாருன்னு தட்டினா அதுவே எல்லாத்தூளும் போட்டுடும்.

மோட்டார், எடை சென்சார், தூள் விழுறத அளந்து மோட்டார நிறுத்துற முறை, இதெல்லாம் க்ளெய்ம்ல முன்னாடி நிக்கணும். ஆப் ஸ்க்ரீன், ரெசிபி லிஸ்ட், ஆர்டர் பண்ற வசதி இதெல்லாம் முன்னாடி வந்தா கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்னு 3(கே) போட்டு விடுவாங்க. ஈரப்பதத்துக்கு ஏத்த மாதிரி மோட்டார் வேகம் மாறுதுன்னா அதச் சொல்லுங்க, அங்கதான் டெக்னிக்கல் விஷயம் இருக்கு.

கே: ஹியரிங்ல என்ன கேப்பாங்க? வக்கீல் வேணுமா?

வீடியோ கான்ஃபரன்ஸ்லதான் நடக்கும், கோர்ட் மாதிரி நினைச்சுக்காதீங்க. நோட்டீஸ்ல எந்தெந்த ஆட்சேபணை மிச்சம் இருக்குன்னு போட்டிருப்பாங்க, அத மட்டும் பேசணும். கண்டுபிடிச்சவரே கூட இருந்து கருவிய கேமரா முன்னாடி கழட்டி காமிச்சா சில நேரம் பத்துப் பக்க வாதத்த விட வேலை செய்யும், ஆனா காமிக்கிறது ஸ்பெசிஃபிகேஷன்ல எழுதினதா இருக்கணும். முடிஞ்சு 15 நாளுக்குள்ள எழுத்துல பதில் கொடுக்கணும், பேசினதெல்லாம் நல்லா போச்சுன்னு இத விட்டுடாதீங்க. நாள் மாத்தணும்னா கேக்கலாம், ரெண்டு தடவைக்கு மேல கிடையாது, ஒவ்வொண்ணும் 30 நாளுக்கு மேல போகாது.

கே: ரிஜெக்ட் ஆயிட்டா?

முன்னாடி அப்பீல் கேக்குறதுக்குன்னே ஐபிஏபின்னு தனி போர்டு சென்னையில இருந்துச்சு, 2021ல கலைச்சுட்டாங்க, இப்ப அப்பீல் ஹைகோர்ட்டுக்கு. மூணு மாசம் டைம். ஆனா எஃப்ஈஆருக்கு பதிலே கொடுக்காம விட்டு அபாண்டன் ஆனது, அதாவது நீங்களே கைவிட்டதா எடுத்துக்கிட்டது, வேற கதை, அதுக்கு அப்பீலே கிடையாது, ரிட் போட்டு கெஞ்சணும். மெயில் ஐடி மாறினா, ஏஜெண்ட் மாறினா, ஆபீஸ் ரெக்கார்டுல மாத்துங்க.

கே: கிராண்ட் ஆயிடுச்சு! இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?

முடியும். பப்ளிஷ் ஆனதுலேர்ந்து கிராண்ட் ஆகுற வரைக்கும் யார் வேணா எதிர்ப்பு கொடுக்கலாம், கிராண்ட் விவரம் வெளியாகி ஒரு வருஷம் வரைக்கும் சம்பந்தப்பட்டவங்க கொடுக்கலாம், அதுக்கப்புறமும் கோர்ட்ல செல்லாதுன்னு வாதாடலாம். எக்ஸாமினேஷன் பண்ணி கொடுத்தோம்ங்கிறதால பேட்டண்ட் செல்லும்னு அரசாங்கம் உத்தரவாதம் தரலன்னு 13(4)லயே எழுதியிருக்கு. ஸ்டாண்டிபேக்னு ஒரு கம்பெனி, லூப்ரிகேட்டிங் ஆயில் மாதிரி திரவத்த வச்சு ஊத்துற பௌச்சுக்கு பேட்டண்ட் வச்சிருந்தாங்க, ஒஸ்வால் ட்ரேடிங் மேல டெல்லி ஹைகோர்ட்ல தடை கேட்டாங்க. 1999ல கோர்ட் இடைக்காலத் தடை கொடுக்கல, இந்த மாதிரி பௌச் ஏற்கனவே இருந்ததுதான்னு. ஆபீஸ் தாண்டினது கோர்ட்ல தாண்டும்னு இல்ல.

இன்னொண்ணு, பப்ளிஷ் ஆன தேதிலேர்ந்தே உரிமை கணக்கு ஆரம்பிச்சுடும், ஆனா கேஸ் போடுறது கிராண்டுக்கு அப்புறம்தான்.

கே: டப்பா மேல "பேட்டண்ட் பெண்டிங்"னு அச்சடிக்கலாமா?

அப்ளிகேஷன் நம்பர் வந்திருந்தா அடிக்கலாம். ஃபைலே பண்ணாம அடிச்சா 120ஆவது பிரிவுல குத்தம், இப்ப அபராதம் 10 லட்சம் ரூபாய் வரைக்கும் போகும், தொடர்ந்தா நாளைக்கு 1000 வீதம். கிராண்ட் ஆனதும் "பேட்டண்ட்"ங்கிற வார்த்தைய மட்டும் போடாம நம்பரையும் சேத்துப் போடுங்க, இல்லன்னா காப்பி அடிச்சவர் "எனக்குத் தெரியவே தெரியாது"ன்னு சொல்லி நஷ்ட ஈட்டுலேர்ந்து தப்பிக்க வழி இருக்கு. மோல்டு பண்ற டப்பான்னா நம்பரை அச்சுலயே வெட்டிடாதீங்க, ஸ்டிக்கரா போடுங்க, ஏன்னா பேட்டண்ட் 20 வருஷம்தான், நடுவுல ரின்யூவல் கட்டாம விட்டா அதுக்கும் முன்னாடியே போயிடும். ரின்யூவல் மூணாவது வருஷத்துலேர்ந்து, தனி ஆளுக்கு 3லேர்ந்து 6ஆவது வருஷம் வரைக்கும் வருஷத்துக்கு 800 ரூபாய், அப்புறம் படிப்படியா ஏறி கடைசி அஞ்சு வருஷம் 8000. கிராண்ட் லேட்டா வந்தா அதுவரைக்கும் சேந்த பாக்கிய மூணு மாசத்துக்குள்ள மொத்தமா கட்டணும்.